மலைநாட்டு ஆற்றுப்படை



வழிகாட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டு நூல்களுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் மலைக்குச் செல்வோரை வழிப்படுத்துவது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட அந்நூல், நன்னனின் மலைநாட்டை நோக்கிக் கூத்தரை நடத்திச் செல்கிறது. எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும் என்றெல்லாம் சொல்லிவரும் புலவர், போரில் மாண்ட மறவர்க்கு நட்ட கல்லைக் கண்டால் யாழிசைத்துப் போற்றிவிட்டுச் செல்லுங்கள் என்றும் அறிவுறுத்துகிறார். விருந்தினன் பெறுவதை மட்டுமன்றி அவன் செய்யவேண்டுவதையும் சொல்வதே ஆற்றுப்படை. அந்தக் கண் கொண்டு இமயத்தின் மடியிலுள்ள பூட்டான் என்னும் சிறு நாட்டைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பூட்டானின் பரப்பு 38,394 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏழே கால் இலட்சம். ஆவடி நகரின் மக்கள்தொகை 2011-இல் ஏறத்தாழ மூன்றரை இலட்சம். ஆக, இரண்டு ஆவடிகளை மலைச்சரிவுகளில் தூவிவிட்டாற்போன்ற நாடு அது. அந்நாட்டார் தம் மண்ணை 'துருக் யுல்', அதாவது 'இடிமுழக்க நாகத்தின் நாடு' என்று அழைக்கின்றனர்.

1958-இல் பிரதமர் நேரு அங்குச் சென்றபோது மோட்டார் சாலை கிடையாது. சிக்கிமின் நாதுலா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகக் குதிரையிலும் காலாலும் அவர் பயணம் செய்ய நேர்ந்தது. 1961-இல் இந்திய எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கிய பணியின் பயனாகவே புன்ட்சோலிங் முதல் தலைநகர் திம்பு வரை சாலை உண்டாயிற்று. இன்று சென்னையிலிருந்து செல்வோர் இரயிலில் வடவங்காளத்தை அடைந்து, ஜெய்கோன் என்னும் எல்லை ஊரில் ஒரு வண்ண வாயிலைக் கடந்தால் பூட்டானுக்குள் நுழைந்துவிடலாம். விசா வேண்டியதில்லை. கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ காட்டி அனுமதி பெற்றால் போதும். வாயிலுக்கு இப்பால் வண்டிகளின் ஊதொலியும் நெரிசலும், அப்பால் அமைதி. ஒரே தெரு இரண்டு உலகமாகப் பிரிவது அவ்விடத்துப் புதுமை.

முதலில் இயற்கை. நாட்டின் நிலப்பரப்பில் எக்காலத்தும் நூற்றுக்கு அறுபது பங்கு காடாக இருத்தல் வேண்டும் என்று 2008-இல் நடப்புக்கு வந்த அரசமைப்புச் சட்டமே விதிக்கிறது. உள்ளபடியே ஏறத்தாழ எழுபது பங்கு காடாக இருக்கிறது. இது வெறும் அழகுணர்ச்சியன்று. காடு நீரைக் காக்கிறது. நீர் மின்சாரம் தருகிறது. மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்றே நாடு பெரும்பொருள் ஈட்டுகிறது. இந்திய உதவியுடன் 1980-களில் அமைந்த 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம் திம்பு செல்லும் வழியிலேயே இருக்கிறது. வடக்கே 7,570 மீட்டர் உயர்ந்து நிற்கும் காங்கர் புயன்சும், மனிதர் ஏறாத சிகரங்களுள் உலகிலேயே உயர்ந்தது எனப்படுகிறது. மலைமுடிகள் தெய்வங்களின் உறைவிடம் என்னும் மக்களின் நம்பிக்கையை மதித்து, 2003-இல் சிகரம் ஏறுதல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. பொப்ஜிகா பள்ளத்தாக்கிற்கு ஆண்டுதோறும் திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வலசை வருகின்றன. அவை மின்கம்பிகளில் மோதி மடியக்கூடாது என்று அங்குக் கம்பிகளை மண்ணுக்கடியில் பதித்தனர்.

அடுத்து மரபுச் செல்வம். ஆண் ஆறு, பெண் ஆறு என மக்கள் வழங்கும் போ சூ, மோ சூ ஆகிய இரண்டும் கூடுமிடத்தில் நிற்கிறது புனாக்கா கோட்டை. நாட்டை ஒருங்கிணைத்த சப்துருங் நவாங் நம்கியால் 1637-38-இல் எழுப்பியது. 1994 அக்டோபரில் பனியேரி ஒன்று உடைந்து பாய்ந்த வெள்ளம் அக்கோட்டையைச் சேதப்படுத்தி, இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பாரோ பள்ளத்தாக்கிற்கு மேலே, செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டாற்போல் நிற்கும் தக்த்சாங் மடம் 1692-இல் கட்டப்பெற்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம். எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் புலிமேல் ஏறி அங்கு வந்தார் என்பது தொன்மக் கதை. 1998 ஏப்ரலில் தீ அம்மடத்தை விழுங்கியது. மரபு மாறாமல் மீண்டும் கட்டி, 2005-இல் வழிபாட்டிற்குத் திறந்தனர். அங்கே மரபு என்பது பழம்பொருட் காட்சியன்று; இடிந்ததைத் திரும்பக் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன என்பதே அதன் பொருள்.

மூன்றாவது கடைவீதி. பூட்டானின் நாணயமாகிய நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் மதிப்பில் ஒன்று. எனவே கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை. ஆயினும் எதை வாங்குவது என்பதில் தெளிவு வேண்டும். பெண்கள் இடுப்பில் வார்கட்டி அமர்ந்து நெய்யும் தறியில் ஒரு நல்ல 'கீரா' உருவாக மாதக்கணக்கில் ஆகும். அதே கோலங்களை இயந்திரத்தில் நெய்த துணி எல்லைக்கு இப்பாலிருந்து சென்று அங்கே மலிவாக விற்கிறது. காஞ்சிப் பட்டிற்கும் விசைத்தறிப் போலிக்கும் இடையே அல்லல்படும் நெசவாளரை அறிந்த தமிழர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பூட்டான் பொருள் என்று மகிழ்ந்து வாங்கியது இந்திய ஆலைத் துணியாக இருந்துவிடக்கூடும். திம்புவில் 1971-இல் தொடங்கிய கலைப்பள்ளி, 'சோரிக் சூசும்' என்னும் பதின்மூன்று கைவினைகளைக் கற்பிக்கிறது. டிராஷியாங்ட்சேயில் கடைந்த மரக்கிண்ணம், மரப்பட்டையிலிருந்து செய்த தாள், சுழலவிட்டால் பாடும் இசைத்தட்டாகவே 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட அஞ்சல்தலை ஆகியன பேர்பெற்றவை. 2023-இல் பயணிகளுக்குச் சுங்கவரியின்றித் தங்கம் விற்கும் திட்டம் தொடங்கியதும் இந்தியாவில் பலருடைய கண் அங்குத் திரும்பியது. பொன் வாங்கச் செல்வோர், திரும்பும்போது இந்தியச் சுங்க விதிகள் தமக்குப் பொருந்தும் என்பதை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

இனி, விருந்தினன் செய்யவேண்டுவது. 1974-இல் நாட்டின் கதவு முதன்முதலாகத் திறந்தபோது வந்த பயணிகள் 287 பேர். 2019-இல் அத்தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டியது. பெரும்பான்மையோர் இந்தியர். அவ்வாண்டில்தான் திம்புவுக்கும் புனாக்காவுக்கும் இடையிலுள்ள தோச்சுலா கணவாயில் ஓர் இந்தியப் பயணி தூபி ஒன்றின்மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டார். அங்குள்ள 108 தூபிகளும் 2003 டிசம்பர்ப் போரில் உயிரிழந்த வீரர்களின் நினைவாக எழுந்தவை. அதாவது, அவை பூட்டானின் நடுகற்கள். யாழிசைத்துப் போற்றிச் செல்க என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் புலவர் சொன்ன இடம் அது. அப்பயணி மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

2022 செப்டம்பர் முதல் இந்தியப் பயணியும் இரவொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம் செலுத்துகிறார். பிற நாட்டார் பலர்க்கு அது நூறு டாலர். 'மலையைப் பார்க்கவும் வரியா' என்று முணுமுணுப்போர் உண்டு. ஏறாத சிகரத்திற்கும் மண்ணில் புதைத்த மின்கம்பிக்கும் யாரேனும் விலை கொடுத்தே ஆக வேண்டும். அவ்விலையில் ஒரு பங்கை விருந்தினன் தாங்குவது முறையே.

ஆனால் மரபைக் காத்ததன் விலை முழுவதும் பணமாகக் கொடுக்கப்பட்டதன்று. தென்பகுதியில் தலைமுறைகளாகப் பயிரிட்டு வாழ்ந்த நேபாளி மொழி பேசுவோர், லோத்ஷம்பா எனப்படுவோர், 1985-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதன்பின் வந்த கணக்கெடுப்பாலும் அயலார் ஆயினர். ஒரே உடை, ஒரே மொழி, ஒரே நடைமுறை என்னும் கொள்கை அவர்கள்மீது விழுந்தது. பள்ளிகளிலிருந்து நேபாளி நீக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நாட்டை நீங்கி, கிழக்கு நேபாளத்தின் முகாம்களில் தங்கினர். 2007-க்குப் பிறகு அவர்களுள் மிகப் பலர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். மொத்த மகிழ்ச்சியே நாட்டின் அளவுகோல் என்று உலகிற்குச் சொன்ன நாடு, அம்மகிழ்ச்சியைக் கணக்கிடும்போது இவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1948-இல் இலங்கையில் இயற்றிய ஒரு சட்டத்தால் மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர் நாடற்றவர் ஆனதை அறிந்தோர் இச்செய்தியை எளிதில் கடந்துபோக முடியாது. பூட்டானின் அழகைப் போற்றுவோர் இதனையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

ஆற்றுப்படையில் கூத்தர் பரிசிலோடு ஊர் திரும்புவர். பூட்டான் சென்று திரும்பும் பருத்திப்பட்டுக்காரர் கொண்டுவர வேண்டிய பரிசில் எது? இவ்வூரிலும் ஓர் ஏரி உண்டு. நெடுங்காலம் கழிவுநீர் கலந்து சீர்கெட்டிருந்த அதனைத் துப்புரவாக்கி, 2019-இல் நடைபாதையும் படகுத்துறையும் கொண்ட பூங்காவாகத் திறந்தனர். அதற்கும் பறவைகள் வருகின்றன. அங்கும் மாலைதோறும் விருந்தினர் கூடுகின்றனர். தின்பண்ட உறையை நீரில் எறியாமல் வீட்டிற்கு எடுத்துச் செல்பவர், பறவை அஞ்சாதபடி குரலைத் தாழ்த்துபவர், அவ்வேரிக் கரையில் பன்னாள் வாழ்ந்த ஏழையின் குடிசையையும் எண்ணிப் பார்ப்பவர் ஆகியோரே நல்ல விருந்தினர். அத்தகையோர் எந்த மலைநாட்டு வாயிலிலும் தலைநிமிர்ந்து நுழையலாம்.