தாய்லாந்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலை: பணம் கட்டும் முன்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் குடியிருப்பைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

கோலப்போட்டி முடிவுக்காகத்தான் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரியும். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மேல்மாடி அக்கா ஒருவர் செல்போனோடு என் வீட்டுக்கு வந்தார். "பாப்பாவுக்குத் தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைச்சிருக்குதுங்க. ரெண்டு லட்சம் கட்டச் சொல்றாங்க. நீங்க அங்க இருந்தவங்க, ஒரு பார்வை பாருங்க" என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன்.

வேலைக் கடிதத்தைப் படித்தேன். பள்ளியின் பெயர் இல்லை. எந்த மாகாணம் என்று இல்லை. "டூரிஸ்டாகப் போனால் போதும், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது. பணம் கட்ட வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். பாப்பாவுக்கு என் மேல் கோபம். நியாயம்தான். பி.எட் முடித்துவிட்டு இங்கே மாதம் பதினைந்தாயிரத்துக்கு வேலை பார்க்கிற பெண் அது.

வேலையே பொய் என்று நான் சொல்லவில்லை. நானே 2015 முதல் 2019 வரை அங்கே இருந்தவள். சுரின் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். பாங்காக்கிலிருந்து ரயிலில் 400 கிலோமீட்டருக்கு மேல். கண்ணுக்கு எட்டிய வரை நெல்வயல். கொல்லிமலையை எடுத்துவிட்டால் நம் சேந்தமங்கலம் எப்படி இருக்கும், அப்படி.

அந்த மாதிரி ஊர்களில்தான் நமக்கு வேலை இருக்கிறது. பாங்காக், சியாங் மாய், புக்கெட் பக்கம் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியாக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். விளம்பரத்திலேயே "தாய்மொழியாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் மட்டும்" என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கில் இந்தியா வராது. நாம் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் வராது. சில இடங்களில் முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார்கள், மறைப்பானேன். சின்ன ஊர்களுக்கு வெள்ளைக்காரர்கள் அதிகம் வருவதில்லை; வந்தாலும் ஒரு பருவத்தோடு கிளம்பிவிடுவார்கள். அந்த இடத்தைப் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் நிரப்புகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு.

அங்கே முதல் பருவம் மே நடுவில் தொடங்கும், இரண்டாம் பருவம் நவம்பரில். அதனால் பள்ளிகள் ஆள் தேடுவது மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும்தான்.

பட்டம் கட்டாயம். பல பள்ளிகள் நம்மைப் போன்றவர்களிடம் டோயிக் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது கேட்கும். போலீஸ் சான்றிதழ் வேண்டும். பட்டச் சான்றிதழுக்கு மாநில அளவிலும், பிறகு வெளியுறவு அமைச்சகத்திலும், கடைசியில் தாய்லாந்துத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், இப்போதே தொடங்குங்கள். குருசபா என்று அங்கே ஆசிரியர் கவுன்சில் இருக்கிறது. ஆசிரியர் உரிமம் இல்லாதவர்களுக்குப் பள்ளியே விண்ணப்பித்து இரண்டு ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி வாங்கித் தரும். கையில் பி.எட் இருந்தால் அதற்கு அங்கே நல்ல மதிப்பு.

விசா விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன். வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது 'நான் இமிக்ரன்ட் பி' விசா. அதற்குரிய கடிதங்களைப் பள்ளி அனுப்பும். நாம் இங்கிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போனதும் வேலை அனுமதி அட்டை வாங்கி, 90 நாள் விசாவை ஓராண்டுக்கு நீட்டிப்பார்கள். அதன் பிறகும் 90 நாளைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சுற்றுலாவாகப் போய் வேலை அனுமதி இல்லாமல் பாடம் நடத்தினால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அபராதம் கட்டுவது ஏஜென்ட் இல்லை, நம் பிள்ளை.

அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்களை மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. அக்டோபரில் சென்னை விமான நிலையத்துக்கு மீண்டு வந்தவர்கள் நம் தமிழ்ப் பிள்ளைகள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் போய் 500 பேருக்கு மேல் அழைத்து வந்தன. அந்தப் பிள்ளைகள் கையிலும் வேலைக் கடிதம் இருந்தது, வாட்ஸ்அப்பில் நேர்காணல்கூட நடந்தது. பள்ளிப் பெயர் இல்லாத கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது அதனால்தான்.

பள்ளியின் பெயரை வாங்குங்கள். மேப்பில் தேடுங்கள், தலைமையாசிரியரோடு வீடியோவில் பேசுங்கள். அங்கேயே வேலை பார்க்கிற வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரின் எண்ணைக் கேளுங்கள். உண்மையான பள்ளி தயங்காது. இங்குள்ள ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது?

முதல் ஆண்டு என்னை எடுத்தது பள்ளி இல்லை, அங்குள்ள ஓர் இடைத்தரகு நிறுவனம். மாதம் 18,000 பாட், ஆனால் ஒப்பந்தம் பத்து மாதத்துக்கு மட்டும். மார்ச், ஏப்ரலுக்குச் சம்பளம் கிடையாது என்பதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன். இரண்டு மாதம் முட்டையும் சோறும்தான். நாமக்கல்காரிக்கு முட்டை சலித்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த ஆண்டு பள்ளியே நேரடியாக எடுத்துக்கொண்டது, பன்னிரண்டு மாதமும் சம்பளம் வந்தது.

வேலை எப்படி இருக்கும் என்று பாப்பா கேட்டாள். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், தேசிய கீதம். வாசலில் நின்று வருகிற ஒவ்வொரு பிள்ளையின் கைகூப்புக்கும் பதில் கூப்ப வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் இருப்பார்கள். முழுப்பெயர் வாயில் நுழையாது, ஆனால் எல்லோருக்கும் செல்லப்பெயர் உண்டு: ஐஸ், பேங்க், பீர் என்றெல்லாம். அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலி வராது. 'ஹவுஸ்' 'ஹவ்' ஆகிவிடும், 'ரைஸ்' 'ரை' ஆகிவிடும். அதைத் திருத்தவே எனக்கு ஒரு பருவம் போனது. பரீட்சையில் யாரையும் ஃபெயில் போடக் கூடாது, திரும்ப எழுத வைத்துத் தேற்றிவிட வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் மார்க்குக்காக விரட்டிப் பழகிய எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

சைவக்காரர்கள் "ஜே" என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். கீரைப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். ஊர் ஏக்கம் தாங்காமல் போனால் பாங்காக் சீலம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழர்கள் கட்டியது. முதல் தடவை உள்ளே போனபோது நான் அழுதுவிட்டேன்.

பாப்பா இப்போது சான்றொப்ப வேலையைத் தொடங்கியிருக்கிறாள். மார்ச்சில் பள்ளிகளுக்கு நேரடியாக எழுதப் போகிறோம், விண்ணப்பக் கடிதத்தை நான் திருத்தித் தருகிறேன். வேறு யார் வீட்டிலாவது இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் ஞாயிறு மாலை எடுத்து வாருங்கள். எந்த நாட்டு வேலையானாலும் சரி, உட்கார்ந்து படித்துப் பார்ப்போம். இரண்டாவது மாடி, லிஃப்டுக்கு எதிர் வீடு. லிஃப்ட் அன்றைக்கு ஓடுமா என்பதைச் செயலாளர்தான் சொல்ல வேண்டும்.