கணுக்கால் முறிவு: கேட்க வேண்டிய ஒரு கேள்வி



விழா நாளில் உடல்நலம் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு பணித்தீர்கள். நம் இல்லங்களில் பலரும் கண்டிருக்கக்கூடிய ஒரு துன்பத்தை எடுத்துக்கொள்கிறேன். மலைக்கோயில் படியிலோ, ஈரம் படிந்த முற்றத்திலோ கால் புரண்டு கணுக்கால் எலும்பு முறிகிறது. அப்போது உறவினர் இரு சாராராகப் பிரிகின்றனர். ‘எலும்பு முறிந்துவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும்’ என்பர் ஒரு சாரார். ‘புத்தூருக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட்டால் கூடிவிடும்’ என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் எலும்பையே நோக்குகின்றனர். சிகிச்சையை முடிவு செய்வதோ மூட்டின் நிலைப்பாடு.

கணுக்கால் மூட்டின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. உட்புறம் பருத்த டிபியா; வெளிப்புறம் மெலிந்த ஃபிபுலா. கணுக்காலின் இருபுறமும் நாம் தொட்டு உணரும் புடைப்புகள் இவற்றின் கீழ்முனைகளே. இவ்விரண்டும் சேர்ந்து, தச்சர் மரத்தில் வெட்டும் துளையைப் போன்றதொரு பொருத்துவாயை உண்டாக்குகின்றன. அதனுள் டேலஸ் என்னும் பாத எலும்பு கச்சிதமாக அமர்ந்து, மேலும் கீழும் அசைகிறது. உட்புறம் உறுதியான இணைப்பு நார் ஒன்று டேலஸைப் பிணைத்திருக்கிறது. டிபியாவையும் ஃபிபுலாவையும் வேறு நார்கள் பிரியாமல் இறுக்கிப் பிடித்திருக்கின்றன.

இப்பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதை 1976ஆம் ஆண்டில் ராம்சே, ஹாமில்டன் என்னும் இருவர் ஆய்ந்து காட்டினர். டேலஸ் வெளிப்புறமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும், எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஏறத்தாழ 42 விழுக்காடு குறைவதை அவர்கள் கண்டனர். உடலின் எடை முழுவதும் குறுகிய இடத்தில் அழுந்தினால் குருத்தெலும்பு தேயும். எலும்பு கூடிய பின்னரும், ஆண்டுகள் சில கழிந்து, ஒவ்வோர் அடியிலும் வலி தரும் மூட்டுத் தேய்மானம் வந்து சேரும். ஆகவே ‘எலும்பு கூடிவிட்டதா?’ என்பது பாதிக் கேள்வியே. ‘டேலஸ் தன் இடத்தில் அமர்ந்திருக்கிறதா? நிலையாக நிற்குமா?’ என்பதே முழுமையான கேள்வி.

வெளிப்புற எலும்பு மட்டும் முறிந்து, உட்புற நார் சிதையாதிருந்தால் மூட்டு பெரும்பாலும் நிலையாகவே இருக்கும். அத்தகையோருக்குக் கத்தி தேவையில்லை. காலுறை போன்ற தாங்கியோ மாவுக்கட்டோ போதும். இருபுறமும் முறிந்தாலும், ஒருபுறம் எலும்பு முறிந்து மறுபுறம் நார் அறுந்தாலும் மூட்டு நிலைகுலையும். நார் அறுந்திருப்பதைச் சாதாரண எக்ஸ்ரே நேரடியாகக் காட்டாது. படுத்த நிலையில் எடுத்த படத்தில் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். எழுந்து நின்றதும் டேலஸ் விலகும். ஆகையால் ஐயம் உள்ளபோது, காலில் எடை ஏற்றியோ, பாதத்தைத் தொங்கவிட்டோ மீண்டும் ஒரு படம் எடுப்பர். இதனை வீண்செலவு என்று கருதி மறுத்தல் கூடாது. படம் எடுத்துப் பாராமல் போடும் எந்தக் கட்டும், யார் போட்டாலும், இந்தக் கேள்விக்கு விடை தராது.

மூட்டு நிலைகுலைந்திருந்தால், எலும்புகளைச் சரியான இடத்தில் அமர்த்தித் தகடும் திருகும் கொண்டு நிறுத்துவதே நடைமுறை. 1958ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் முல்லர், ஆல்கோவர் முதலிய மருத்துவர்கள் கூடி அமைத்த ஏ.ஓ. என்னும் குழு இம்முறையை ஒழுங்குபடுத்தி உலகெங்கும் பரப்பியது. முதலில் ஃபிபுலாவின் நீளமும் சுழற்சியும் திருத்தப்பெறும். பின்னர் உட்புற முறிவு பொருத்தப்பெறும். இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள நாரும் அறுந்திருந்தால், அவற்றைக் குறுக்குத் திருகாலோ உறுதியான இழையாலோ பிணைப்பர்.

‘முறிந்த அன்றே ஏன் செய்யவில்லை?’ என்று வருந்துவோர் உளர். மூட்டு நழுவியிருந்தால் அதனை உடனே இடத்தில் அமர்த்துவர். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்திருந்தாலும் தாமதம் கூடாது. மற்றபடி, வீங்கி இறுகிய தோலைக் கீறினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். காலை உயர்த்தி வைத்து, வீக்கம் வடிந்து தோலில் மெல்லிய சுருக்கம் தோன்றும்வரை சில நாட்கள் காத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

முதியோர் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் 60 வயதைக் கடந்த 620 பேரிடம் நடந்த ஆய்வு 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிலையற்ற முறிவு உடைய அவர்களில் ஒரு பாதியினருக்கு அறுவை சிகிச்சையும், மறு பாதியினருக்கு மயக்கநிலையில் எலும்பைச் சீரமைத்து உடலோடு ஒட்டிய மாவுக்கட்டும் அளித்தனர். ஆறு மாதம் கழித்து இரு சாராரின் நடமாட்டமும் ஏறக்குறைய ஒத்திருந்தது. அறுவை பெற்றோரிடம் புண் தொற்று மிகுதி. கட்டுப் பெற்றோரிடம் எலும்பு கோணிக் கூடுதல் மிகுதி. கட்டுப் பெற்றோருள் ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் அறுவையும் தேவைப்பட்டது. ஆகவே சர்க்கரை நோயோ மெலிந்த தோலோ உடைய பாட்டிக்கு அறுவை வேண்டாம் என மருத்துவர் கூறினால், அதனைப் புறக்கணிப்பு என எண்ண வேண்டா. ஆனால் அந்தக் கட்டு மருத்துவமனையில், மீண்டும் மீண்டும் படம் எடுத்துக் கண்காணிக்கப்படும் கட்டு என்பதை மறவாதீர்கள்.

நம் நெறி சார்ந்த ஒன்றையும் கூறவேண்டும். கால் அசையாதிருக்கையில் இரத்தம் உறையாமல் இருக்கச் சிலருக்கு ஊசி போடுவர். அவற்றுள் எனாக்சபாரின் என்பது பன்றியின் குடற்சவ்விலிருந்து பெறப்படுவது. ஃபோண்டாபாரினக்ஸ் முழுமையாகச் செயற்கையானது. கேட்கட் என்னும் தையல் நூல் விலங்கின் குடலிலிருந்து வருவது. இன்று செயற்கை நூல்கள் எளிதாகக் கிடைக்கின்றன. மாத்திரை உறைகள் பலவும் ஜெலட்டினால் ஆனவை. இரவு உண்ணாமையைக் கடைப்பிடிப்போர், மாத்திரை நேரங்களைப் பகற்பொழுதுக்குள் அமைக்க இயலுமா என்றும் வினவலாம். இவற்றைச் சேர்க்கையின்போதே மருத்துவரிடம் தெரிவித்துவிட்டால் உகந்த மாற்று உண்டா என்பதை அவர் ஆராய இயலும். தெரிவிப்பது மாற்றுத் தேடுவதற்கே. உயிர் காக்கும் மருந்தை அவசர வேளையில் மறுப்பதற்கு அன்று.

எலும்பு கூடப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். எப்போது கால் ஊன்றலாம் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். அண்டை வீட்டார் அன்று. பருப்பும் பாலும் குறையாத உணவு உதவும். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தடுக்கும். மாலையில் வீக்கம் தோன்றுவது பல மாதங்கள் நீடிக்கலாம், அஞ்ச வேண்டா. ஆனால் கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, புண்ணில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இறுதியாக, கால் புரண்டவர் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலோ, கணுக்காலின் எலும்புப் புடைப்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்கவேண்டும். முறிவு என்று தெரிந்தால் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘ஐயா, மூட்டு நிலையாக இருக்கிறதா?’ நிலையாக இருந்தால் அறுவைக்கு அவசரம் வேண்டா. நிலையாக இல்லையெனில் வெறும் கட்டுப் போட்டு நாட்களைக் கடத்த வேண்டா.