அதே வீடுகள், வேறு கோடு

ஜொகூர் பாருவுக்கு ரயிலில் போனவர்கள் லாயாங் லாயாங் நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். சிறிய பட்டணம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் புள்ளிவிவரத் துறை அலுவலர் வந்து நின்று, "மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், எதற்கெல்லாம் செலவழிக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது வெறும் விசாரிப்பு அன்று. குடும்ப வருமான, செலவின ஆய்வு என்று அதற்குப் பெயர். யார் ஏழை, யார் வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டினரான பி40, யாருக்கு உதவித்தொகை என்பதையெல்லாம் பிறகு முடிவு செய்யப்போவது அந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள்தாம். இன்று நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இத்தகைய ஆய்வை நாம் நம்பலாமா என்பது கேள்வி கேட்கும் நாளில் மட்டும் தீர்மானமாவதில்லை. யாரைக் கேட்பது, வறுமைக்கோட்டை எங்கே கிழிப்பது என்று முன்கூட்டித் திட்டமிடும்போது பாதி தீர்மானமாகிறது. கிடைத்த விடைகளைப் பிறர் சரிபார்க்கும்படி வெளியிடும்போதுதான் மீதிப் பாதி.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால் அது சரி. அடிபிடித்து, மேலே அரிசியாகவே நிற்கும் பானையில் ஓரிடத்துச் சோற்றை நசுக்கிப் பார்த்து என்ன பயன்? நாடும் அப்படிப்பட்ட பானைதான். அதனால்தான் ஆய்வாளர்கள் முதலில் மாநிலவாரியாகவும், நகரம் கிராமம் என்றும் நாட்டைப் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 80 முதல் 120 வீடுகள் கொண்ட சிறு வட்டங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவற்றுக்குள் சில வீடுகளைத் தேர்கிறார்கள். இந்த முறை மிக நல்லது. ஆனால் எந்த வீடு பட்டியலிலேயே இல்லை என்றும் கேட்க வேண்டும். நம் வறுமைக் கணக்கு மலேசியக் குடிமக்களை மட்டுமே எண்ணுகிறது. தோட்டங்களில் இன்று குலை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளி அதில் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்ட நிர்வாகம் இலவசமாகத் தந்த வீடும் வருமானத்தில் சேர்கிறது. கணக்கின்படி அது தவறில்லை. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் வீட்டையும் காலி செய்யச் சொன்னால், அந்த வருமானம் ஒரே நாளில் மறைந்துவிடும். அதுவரை காகிதத்தில் அந்தக் குடும்பம் இருப்பதைவிடச் சற்று வசதியாகவே தெரியும்.

இப்போது கோட்டுக்கு வருவோம். இதில் மட்டும் கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன். 2016 ஆய்வின்படி மலேசியாவில் வறுமையில் வாடும் குடும்பங்கள் 0.4 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. உலகமே வியக்கக்கூடிய எண். அப்போது வறுமைக்கோடு ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட். வீட்டில் நான்கு பேர் என்று வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு ரிங்கிட். சாப்பாடு, துணி, வாடகை, பிள்ளையின் பள்ளிப் பேருந்து எல்லாம் அந்த எட்டுக்குள் அடங்க வேண்டும். 2019 ஆகஸ்டில் ஐ.நா.வின் வறுமைத்துறைச் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கு வந்தபோது, இந்த எண் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு முதலில் அதை ஏற்கவில்லை. ஆனால் 2020 ஜூலையில் புள்ளிவிவரத் துறையே புதிய கோட்டை அறிவித்தது: 2,208 ரிங்கிட். சத்தான உணவுக்கு ஆகும் செலவை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டபோது, 2016இன் 0.4 விழுக்காடு 7.6 ஆனது. 2019இல் 5.6 விழுக்காடு, அதாவது 405,441 குடும்பங்கள். 2016இல் பதில் சொன்ன வீடுகள் மாறவில்லை. அவர்கள் சொன்ன பதில்களும் மாறவில்லை. கோடு மட்டும் நகர்ந்தது, ஏழைகள் பத்தொன்பது மடங்கானார்கள். அந்தக் குடும்பங்கள் அதுவரை ஏழைகளாகத்தான் வாழ்ந்தன, கணக்கில் மட்டும் இல்லை.

அந்தப் பதில்களைத் தனித்தனி வரிகளாக, பெயர் நீக்கி, ஆய்வாளர்களிடம் முன்னமே தாராளமாகக் கொடுத்திருந்தால் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்குமா? வேறு வேறு கோடுகளை வைத்துப் பார்த்து, "எண் தவறு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சராசரிகள் மட்டும் வெளிவரும்போது அது முடியாது. 2019இல் மலேசிய இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 5,981 ரிங்கிட் என்று வந்தது. நாட்டின் இடைநிலை வருமானமான 5,873ஐவிட அது அதிகம். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குத் தோட்டத்துக் குடும்பத்தின் கவலை எப்படித் தெரியும்? வழக்கறிஞர் வீடும் செம்பனைத் தோட்டத்து வீடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இப்போது நிலைமை முன்னேறியிருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். புள்ளிவிவரத் துறையின் ஓப்பன் டோசம் தளமும், சட்டமன்றத் தொகுதிவாரியாக விவரம் தரும் கவாசான்கூவும் வந்துவிட்டன. லாயாங் லாயாங் தொகுதியையும் அங்கே தேடிப் பார்க்கலாம். ஆனால் அங்கே கிடைப்பது கூட்டிக் கழித்த எண்கள். அவற்றைக் கொண்டு மூலப் பதில்களைச் சரிபார்க்க முடியாது.

வெளியிடாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவே சான்று. 2017-18 செலவின ஆய்வை, தரம் போதவில்லை என்று சொல்லி அரசு 2019 நவம்பரில் நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய ஆய்வு 2011-12இல் நடந்தது. அடுத்த ஆய்வான 2022-23இன் முடிவுகள் 2024இல்தான் வெளிவந்தன. இடையில் வறுமை குறைந்ததா கூடியதா என்று அறிஞர்கள் ஊகத்தை வைத்தே வாதாட நேர்ந்தது. தரக் குறை உண்மையாகவே இருந்திருந்தாலும், தரவை வெளியிட்டு, குறை இன்னது என்று எழுதியிருந்தால் உலகம் அதற்கேற்பப் படித்துக்கொண்டிருக்கும்.

"சின்ன ஊர் ஐயா, யார் வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்களே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான அச்சம். 1965ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சட்டம் அந்த ரகசியத்தைக் காக்கத்தான் இருக்கிறது. நம்பிப் பதில் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கவே கூடாது. அதற்கு வழிகளும் உண்டு. பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, நல்வாழ்வு ஆய்வுகளில் இருப்பிடக் குறிகளை வேண்டுமென்றே நகர்த்திவைக்கிறார்கள்: நகரத்தில் இரண்டு கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் வரை. வீடு ஒளிந்துகொள்கிறது, வட்டாரத்தின் நிலை தெரிகிறது. "சிறு ஊரில் சில வீடுகளைக் கேட்டு வந்த எண் பிசகாதா?" என்பது அடுத்த கேள்வி. பிசகும். ஆகவே எத்தனை வீடுகளைக் கேட்டார்கள், எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதும் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பிழையின் அளவைச் சொல்லும் எண்ணை நம்பலாம். பிழையே இல்லாததுபோல் நிற்கும் எண்ணிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. யாரை எண்ணுகிறோம் என்று வெளிப்படையாகத் திட்டமிடுவது, கோட்டை மனிதர் வாழும் அளவுக்குக் கிழிப்பது, விடைகளை ரகசியம் காத்துத் திறந்துவைப்பது, இவை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. அடுத்த முறை அலுவலர் உங்கள் வாசலுக்கு வந்தால் உட்காரவைத்து உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன பதில், உங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்து வளர்ந்த ஒரு பிள்ளையே ஒரு நாள் திறந்து பார்த்து, கணக்கு சரியா என்று கேட்கும்படி வெளியே வரட்டும்.