வேப்பங்கொட்டைக்குள் இருக்கும் மருந்து



"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சோம், மறுநாள் பார்த்தா புழு சாகலையே" என்று போன கூட்டத்தில் ஒரு குழுவினர் சொன்னார்கள். திரும்பவும் கடையில் கடன் சொல்லி மருந்து வாங்கிவிட்டார்களாம். கொட்டை மேல் குற்றமில்லைங்க, நாம் பயன்படுத்தின விதம்தான்.

எலுமிச்சைத் தோல் வாசம், கற்பூர வாசம், வேம்பின் கசப்பு எல்லாமே டெர்பீன் என்கிற ஒரே குடும்பம். ஐந்து கரி அணு கொண்ட சின்னத் துண்டுகளை மரமே செய்து, பூத்தொடுப்பது மாதிரி சேர்க்கிறது. இரண்டு சேர்ந்தால் எலுமிச்சை வாசம், கற்பூரம். ஆறு சேர்த்து, அதில் கொஞ்சம் கழித்து மாற்றினால் அசாடிராக்டின். வேப்பம் பருப்பில்தான் இது அதிகம். புழுவை இது உடனே கொல்லாது. தின்ன விடாது, தோல் உரித்து வளர விடாது. அதனால் சில நாள் பொறுக்கணும்.

வெயில் பட்டால் இதன் வீரியம் போய்விடும். சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். கொட்டையையும் நிழலில் காயவைத்து சாக்கில் கட்டுங்கள். பாலித்தீன் பையில் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்ட சோப்புக் கரைசல் சேர்க்கணும்.

இன்னொன்று. சளிக்கு என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டாதீர்கள். அப்படிக் கொடுத்து வலிப்பு வந்து குழந்தைகள் இறந்ததும் உண்டு. மாமியார் சொன்னாலும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பிடி கொட்டை கொண்டு வாங்க, உடைத்துப் பார்த்துவிடலாம்.