தோற்ற ஆட்டம் புகட்டும் பாடம்

பளையில் வெயில் தணிந்து, தென்னந்தோப்புகளினூடே காற்று வீசத் தொடங்கும் மாலை நேரம். ஒரு வீட்டு விறாந்தையில் சிறுவன் ஒருவனும் அவனுடைய பெரியப்பாவும் சதுரங்கம் ஆடுகின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசு இல்லை, பார்ப்போரும் இல்லை, வெறும் பொழுதுபோக்கு ஆட்டம். அரை மணி நேரத்திற்குள் சிறுவனின் அரசன் அகப்பட்டுவிடுகிறான். "உங்கள் குதிரையைக் கவனியாமல் விட்டுவிட்டேன், பெரியப்பா, இன்னோர் ஆட்டம் ஆடுவோம்" என்று கூறியபடியே சிறுவன் காய்களை ஒரே வாரலாக வாரி, மீண்டும் அடுக்கத் தொடங்குகிறான். அந்த ஒரு வாரலில், அன்று அவன் பெற்றிருக்கக்கூடிய கல்வி முழுவதும் கலைந்துபோகிறது.

குதிரையைக் கவனியாததே தன் தவறு என்பது சிறுவனின் எண்ணம். ஆனால் அந்தக் குதிரை அவ்விடத்துக்கு எவ்வாறு வந்தது? அதனைத் தடுக்கவேண்டிய காலாள் ஏன் அங்கு இல்லை? அரசனைக் காக்கவேண்டிய காய்கள் எங்கே நின்றன? இவற்றைக் கேளாமல் அடுத்த ஆட்டத்துக்குச் செல்பவன் நூறு ஆட்டம் ஆடினாலும் ஒரே ஆட்டத்தையே நூறு முறை தோற்கிறான்.

பளையில் தென்னை வளர்ப்போர் இதனை வேறு வகையில் நன்கு அறிவர். இன்று குரும்பை உதிர்ந்தால் அதன் காரணத்தை இன்றைய நாளில் மட்டும் தேடுவதில்லை. மாதங்களுக்கு முன் மரம் நீரின்றி வாடியதன் விளைவு இப்பொழுது உதிர்கிறது. சதுரங்கத்திலும் தவறு நிகழும் காலம் ஒன்று. அது கண்ணுக்குத் தெரியும் காலம் வேறொன்று.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதுவும் பொழுதுபோக்கு ஆட்டமே. 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் இசைநாடக அரங்கு ஒன்றில், அமெரிக்க இளைஞரான போல் மோர்பி வெள்ளைக் காய்களுடன் ஆடினார். பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் ஒன்றுசேர்ந்து கறுப்புக் காய்களை நகர்த்தினர். பதினேழாவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. மோர்பி தம் அரசியையே பலிகொடுத்து, எஞ்சிய ஒரு கோட்டையாலும் ஒரு மந்திரியாலும் கறுப்பு அரசனைச் சிறைப்படுத்தினார். அந்தப் பலியின் அழகை உலகம் வியந்தது. ஆயினும் கற்க விரும்புபவன் தோற்றவர் பக்கம் அமர்ந்து, இறுதியிலிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும்.

அரசன் ஏன் தப்பமுடியவில்லை? அவன் தொடக்கத்தில் நின்ற கட்டத்தை விட்டு அசையவே இல்லை. அவன் பக்கத்து மந்திரியும், மூலையில் நின்ற கோட்டையும் ஆட்டம் முடியும்வரை ஒருமுறைகூட நகரவில்லை. ஏன் நகரவில்லை? ஏழாவது நகர்வில் கறுப்பு அரசி தன் அரசனுக்கு முன்னால் வந்து நின்று அந்த மந்திரியின் வழியை அடைத்துவிட்டாள். அங்கு ஏன் வந்தாள்? வெள்ளை அரசி ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைத் தாக்கியதால், காக்க வேறு நல்வழி கிட்டவில்லை. வெள்ளை அரசி அத்துணை விரைவில் களத்துக்கு எப்படி வந்தாள்? நான்காவது நகர்வில் கறுப்பர் தம் மந்திரியைக் கொடுத்துக் குதிரையை வெட்டினர்; அந்த மந்திரியை வெட்டும் சாக்கில் வெள்ளை அரசி செலவின்றி முன்னேறினாள். ஏன் அவ்வாறு வெட்டினர்? வெட்டாவிடில் ஒரு காலாளை இழக்கவேண்டிய நிலை. அந்த நிலையை உண்டாக்கியது மூன்றாவது நகர்வில் அவசரப்பட்டு முன்னே வந்த அதே மந்திரி.

ஒன்பதாவது நகர்வில், காய்களை வெளிக்கொணராது ஒரு காலாளைத் தள்ளி எதிரியை விரட்ட முயன்றதே கறுப்பரை வீழ்த்திய பெருந்தவறு. ஆயினும் அவர்களை நெருக்கடிக்குள் தள்ளிய முதற்பிசகு மூன்றாவது நகர்விலேயே நிகழ்ந்துவிட்டது. இவ்வாறு "ஏன்?" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னே செல்பவனுக்கு, எல்லாக் காய்களையும் களத்துக்குக் கொண்டுவரவேண்டும், அரசனை நடுவில் விட்டுவைத்தலாகாது என்னும் இரு விதிகளும் நூலின் வாசகங்களாக அன்றி, தானே கண்ட உண்மைகளாக மனத்தில் பதிகின்றன.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும். சதுரங்கப் பலகையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் உண்டு. அவற்றைக்கொண்டு ஒவ்வொரு நகர்வையும் குறித்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும், "எதிரி இந்த நகர்வினால் எதை நாடினார்? அப்பொழுது நான் என்ன நினைத்தேன்? என் காய்களுள் எது வேலையின்றி நின்றது?" என மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். பத்து ஆட்டங்களைக் குறித்தபின் கொப்பியைப் புரட்டினால், தவறுகள் பத்து அல்ல, இரண்டு மூன்றே என்பது புலப்படும். அவையே வேடம் மாறி வந்திருக்கும்.

பெரும் வீரர்களும் இவ்வழியையே மேற்கொண்டனர். 1948இல் உலக வாகையரான சோவியத் நாட்டு மிகயில் பொட்வினிக், ஒருவர் தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, பிறர் குறைகாணும் வண்ணம் வெளியிடவேண்டும் என்று வற்புறுத்தினார். சென்னையில் பிறந்த குகேஷ், 2024 ஏப்ரலில் கனடாவின் ரொறன்ரோ நகரில், உலக வாகையருடன் மோதுபவரைத் தெரிவுசெய்யும் போட்டியில் ஆடினார். ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். அடுத்த நாள் ஓய்வு நாள். அந்தத் தோல்வியே தமக்கு உறுதியைத் தந்தது என்று பின்னர் அவர் கூறினார். போட்டியிலும் முதலிடம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில், முதல் ஆட்டத்தில் தோற்றும் மனந்தளராது, பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, தமது பதினெட்டாவது வயதில் உலக வாகையரானார்.

அவரது இளமைப் பயிற்சியிலும் ஒரு பாடம் உண்டு. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, நெடுங்காலம் அவரைக் கணினியின் துணையின்றியே சிந்திக்கப் பழக்கினார். இன்று கைப்பேசியொன்று ஆட்டத்தின் தவறுகளை நொடியில் சுட்டிக்காட்டிவிடும். ஆனால் விடையை அறிவது வேறு. காரணத்தை உணர்வது வேறு. தானே தேடிக் களைத்த பின்னர் கணினியைக் கேட்பவன் பயன்பெறுவான்; தேடாமற் கேட்பவன் அடுத்த ஆட்டத்திலும் கேட்கவேண்டியவனே.

ஆயினும், நேயர்களே, இவ்வழியில் தடையாக நிற்பது அறிவுக்குறை அன்று, வெட்கமே. வகுப்பறையில் சிவப்புக் கோடு விழுந்த பக்கத்தைப் பிள்ளை விரைந்து புரட்டிவிடுகிறான். பிழை என்பது மறைக்கவேண்டிய ஒன்று என அவனுக்குப் பழக்கிவிட்டவர்கள் பெரியவர்களே. அந்தப் பழக்கத்தை மாற்றும் கடமையும் அவர்களுடையதே. ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒருங்கிருந்து ஆராய்வது சதுரங்க வீரர்களிடையே நெடுநாளைய மரபு. வென்றவர் தமது பிழைகளை முதலில் ஒப்புக்கொண்டால், தோற்றவனின் வெட்கம் தானே அகலும்.

பயிற்சியாளரை நாடி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ செல்ல எல்லாச் சிறுவர்க்கும் இயலாது. போரினால் இடம்பெயர்ந்து, மீண்டும் வந்து வீடு கட்டிக்கொண்ட பளை போன்ற ஊர்களில் பெற்றோரின் சுமையும் பெரிது. ஆனால் பக்கத்தில் அமர ஒரு பெரியவர் இருந்தால், தோற்ற ஆட்டமே ஆசிரியராகிவிடும்.

ஆகவே, அந்த விறாந்தையில் சிறுவனின் கை காய்களை வார நீளும்பொழுது பெரியப்பா அதனை மெல்லத் தடுக்கட்டும். "பொறு தம்பி, பத்தாவது நகர்வில் நானும் ஒரு பிழை விட்டேன், நீ அதைக் காணவில்லை. வா, திருப்பி வைத்துப் பார்ப்போம்" என்று சொல்லட்டும். பிள்ளை மீண்டும் பலகையின் முன் அமர்வான். தன் பிழையை அஞ்சாது நோக்கும் பழக்கம் அங்கே தொடங்கும். அது சதுரங்கப் பலகையோடு நின்றுவிடாது.