வடக்கே ஓடும் ஆற்றின் சிக்கல்

இன்னைக்கு கனடாவோட மெக்கன்சி ஆறு. மேப்பைத் திறந்து வெச்சுக்கோங்க. கிரேட் ஸ்லேவ் ஏரியில கிளம்பி, சுமார் 1,700 கிலோமீட்டர் வடக்கு நோக்கி ஓடி ஆர்க்டிக் கடல்ல கலக்குது. அங்கே வாழுற டெனே மக்கள் இதை 'டே சோ'ன்னு சொல்றாங்க. பெரிய ஆறுன்னு அர்த்தம்.

வடக்கே ஓடுறதுதான் இங்க விஷயமே. வசந்தத்துல முதல்ல சூடேறுறது தெற்கு. மேல்பகுதியில பனி உருகித் தண்ணி கிளம்பிடும். கீழே ஆறு இன்னும் உறைஞ்சே கிடக்கும். உடைஞ்சு வர்ற பனிப்பாளங்கள் அதுல முட்டி, குவிஞ்சு, அணை மாதிரி அடைச்சுக்கும். பின்னால வர்ற தண்ணி கரையேறிடும்.

2021 மே மாசம் ஃபோர்ட் சிம்ப்சன்ல நடந்தது இதுதான். லியார்ட் ஆறு தெற்கிலிருந்து வந்து மெக்கன்சியில சேர்ற இடத்துல, ஒரு தீவுல இருக்கிற ஊர் அது. நூற்றுக்கணக்கான பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாச்சு.

நம்ம பாஷையில இதை ஒரு பக்னு சொல்லத் தோணும். ஆனா கடைமுகத்துல இருக்கிற டெல்டாவுல, ஆற்றைவிட உயரத்துல நிறைய ஏரிகள் இருக்கு. அதுங்களுக்கு ஆற்றுத் தண்ணி போய்ச் சேர்றதே இப்படிப்பட்ட வெள்ளத்துலதான். ஊரை மூழ்கடிக்கிற அதே அடைப்புதான் ஏரிகளையும் நிரப்புது.