சுழல் நிதி மாதிரி ஒரு சுழல் படம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. நம்ம இணையதளத்தின் முதல் பக்கத்துல, கூட்டமைப்புப் பெயருக்குப் பின்னாடி மாறி மாறி வர்ற படங்களைப் பத்திப் பேசச் சொன்னாங்க. காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற நம்ம உறுப்பினர் மகள்தான் அதைச் செஞ்சு கொடுத்தது. பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

சென்னை நுங்கம்பாக்கத்துல அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கு. அங்கே நடக்கிற விற்பனைக் கண்காட்சிக்கு நம்ம குழுக்கள் பொருள் கொண்டு போறோம். மயிலாப்பூர், தி.நகர், அடையாறுல இருந்து வர்றவங்க ஓலைப்பெட்டியும் முறுக்கும் வாங்கிட்டு, "கண்காட்சி முடிஞ்சா உங்களை எங்கேம்மா பிடிக்கிறது?"ன்னு கேட்பாங்க. அவங்களுக்காகத்தான் இணையதளம் போட்டோம்.

முதல்ல பெயருக்குப் பின்னாடி ஒரே படம்தான் இருந்துச்சு. ஓலைப்பெட்டி படம். வந்த போன் எல்லாம் ஓலைப்பெட்டிக்கே வந்துச்சு. மசாலாப் பொடி போடுற குழுவும் சணல் பை தைக்கிற குழுவும், "நாங்களும் சந்தா கட்டுறோமே, எங்க பொருள் எங்கே?"ன்னு கூட்டத்துல கேட்டாங்க. நியாயமான கேள்வி. அது வெறும் அழகுப் படம் இல்லை. தி.நகர் ரங்கநாதன் தெருவுல கடை வாசல் பொம்மைக்கு எந்தப் புடவை கட்டியிருக்கோ, அதைத்தானே உள்ளே போய்க் கேட்கிறோம்?

அப்போதான் சுழல் படம்னு முடிவாச்சு. மயிலாப்பூர்ல பங்குனி மாசம் அறுபத்துமூவர் பார்த்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். நாம மாட வீதியில ஒரே இடத்துல நிக்கிறோம். பல்லக்கு ஒண்ணொண்ணா நம்ம எதிரில் வந்து, நின்னு, நகருது. அதே மாதிரி பக்கம் அசையாது, பெயரும் அசையாது, பின்னாடி படம் மட்டும் மாறும்.

செய்யிற விதமும் பெரிய மர்மம் இல்லை. படங்களோட பெயரை வரிசையா ஒரு பட்டியலா எழுதணும். ஜாவாஸ்கிரிப்ட்னு ஒரு கணினி மொழி. அதுல 'செட் இன்டர்வெல்'னு ஒரு கட்டளை. இத்தனை நேரத்துக்கு ஒருமுறை அடுத்த படத்தை எடுன்னு அது சொல்லும். ஒரு நொடியை ஆயிரமாப் பிரிச்சு எழுதணும், 6 நொடின்னா 6000. கடைசிப் படம் முடிஞ்சதும் மறுபடி முதல் படத்துக்கு வரும்.

இங்கேதான் ஒரு கணக்கு இடிச்சது. நம்ம குழு 12. ஆளுக்கு ஒரு படம், படத்துக்கு 6 நொடின்னா, கடைசிக் குழுவோட படம் வர 66 நொடி ஆகும். யாரு அவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க? முதல் ஒண்ணு ரெண்டு படம் பார்த்துட்டுக் கீழே தள்ளிடுவாங்க. அப்போ சுழல் படம் போட்டும் முதல் குழுவுக்குத்தான் லாபம்.

அதுக்கும் வழி இருக்கு. 'மேத் ரேண்டம்'னு ஒரு கட்டளை. அதை வெச்சு, நாம சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி படத்தைக் குலுக்கலாம். பக்கத்தை ஒருத்தர் திறக்கிறப்போ எல்லாம் 12 படமும் குலுங்கி, அதுல 5 மட்டும் சுழலும். ஒருத்தருக்கு மசாலாப் பொடி முதல்ல வரும், அடுத்தவருக்குச் சணல் பை முதல்ல வரும். ஒரே நாள்ல சரிசமமா வராது. நாள்பட எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முதல் இடம் கிடைக்கும். சுழல் நிதி ஒரே வீட்டுல தங்கக் கூடாதுங்கிறோம் இல்லையா? முதல் இடமும் அப்படித்தான்.

படம் எடுக்கிறப்போ சிலது கவனிக்கணும். செல்போன்ல எடுத்த படம் 3, 4 எம்.பி. இருக்கும். அப்படியே போட்டா திறக்கவே நேரம் ஆகும், பார்க்கிறவங்க டேட்டாவும் கரையும். அகலம் 1920 புள்ளிக்குள்ள குறைச்சு, 200, 300 கே.பி.க்குள்ள கொண்டு வரணும். போனைப் படுக்க வெச்சு எடுக்கணும். ஆனா அடையாறுல ஒருத்தங்க தன் போனை நேரா வெச்சுத்தான் பார்ப்பாங்க, அப்போ படத்தோட ரெண்டு பக்கமும் வெட்டுப்படும். அதனால பொருளும் முகமும் நடுவுல இருக்கணும். படத்துக்கு மேலே மெல்லிசா ஒரு கறுப்புத் திரை போட்டாத்தான் வெள்ளை எழுத்துல இருக்கிற நம்ம பெயர் தெரியும். படம் சுழல்றதை நிறுத்த ஒரு பட்டனும் வெச்சிருக்கோம். தானா அசையிறது 5 நொடிக்கு மேல போனா நிறுத்த வழி வேணும்னு உலக அளவுல இணையதளங்களுக்கு வழிகாட்டுதல் இருக்கு. அசையிறதைப் பார்த்தா சிலருக்குத் தலை சுத்தும், சிலருக்கு எழுத்துல கவனம் நிக்காது.

கடைசியா ஒண்ணு. இணையத்துல கிடைக்கிற அழகான படத்தை எடுத்துப் போட வேண்டாம். அது அடுத்தவங்க சொத்து, நம்ம பொருளும் அதுல இல்லை. நம்ம கை, நம்ம பொருள் இருக்கட்டும். யாரோட முகம் வந்தாலும் அவங்க சம்மதத்தைக் கேட்டு மினிட்ஸ் நோட்டுல எழுதிக்கணும். நவராத்திரிக்கு ஒரு மாசம் முன்னாடி மயிலாப்பூர்க்காரங்க கொலுவுக்குத் தேட ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடி படங்களை மாத்திடணும்.

பட்டியல்ல ஒரு பெயரை எடுத்துட்டு இன்னொரு பெயர் எழுதுறது பாஸ் புக்குல வரவு எழுதுறதை விடச் சுலபம். குழுவுக்கு ஒருத்தர் கத்துக்கிட்டாப் போதும், யாரையும் எதிர்பார்த்து உட்கார வேண்டியதில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு நல்ல படத்தோட வாங்க, சகோதரிகளே. நான் சொல்லித் தர்றேன்.